இனிஷியலை விரித்து எழுதவும்

கல்யாணப் பத்திரிகை கைக்கு வந்ததும் நம் பக்கத்து ஜனங்கள் தேதியைப் பார்ப்பதில்லை. யார் பேரைப் போட்டிருக்கிறான், யார் பேரை விட்டிருக்கிறான் என்றுதான் பார்ப்பார்கள். விட்டுப்போன ஒரு பேருக்காகப் பத்து வருடம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிற குடும்பங்கள் கள்ளக்குறிச்சியில் தெருவுக்கு இரண்டாவது தேறும். ரெஜினாவும் பேரைத்தான் முதலில் பார்த்தாள்.

அண்ணன் ஆசீர்வாதம் பத்திரிகையை ஒரு தட்டில்கூட வைக்காமல் அவள் கடை ஜெராக்ஸ் மெஷின் மேல் வைத்துவிட்டு விசிறிக்கு நேராக உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். முப்பது வருடம் சாக்பீஸ் பிடித்த கை, இப்போது எதையும் தொடாமல் மடிமேல் கிடந்தது. துபாயில் வேலை பார்க்கிற மகள் லிடியாவுக்கு அங்கேயே கல்யாணம். மாப்பிள்ளை ராபின் பிறந்து வளர்ந்ததே அங்கேதான். கல்யாணத் திருப்பலி அங்கே மாதா கோவிலில், விருந்து கடலோரத்து ஹோட்டலில், மூன்று நாள். நம் பக்கத்திலிருந்து இருபத்து மூன்று பேர் போகிறார்கள், தங்குகிற செலவு சம்பந்தியுடையது.

ரெஜினாவின் பேர் இருந்தது. கடைசி வரியில், தாய்மாமன்கள் சித்தப்பாக்கள் எல்லாரும் முடிந்த பிறகு, 'அத்தை' என்று இருந்தது. அதைப் பற்றி அவளுக்கு ஒன்றுமில்லை. கண் மேலே போனது. 'வடக்கனந்தல் (லேட்) திரு. சாமுவேல் அவர்களின் பேத்தியும்' என்று தங்க எழுத்தில் அச்சாகியிருந்தது. திரும்பவும் படித்தாள். அவர்கள் வம்சத்தில் சாமுவேல் என்று ஒரு ஆள் பிறக்கவே இல்லை.

"சாமுவேல் யாருண்ணா?"

ஆசீர்வாதம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நம்ப அப்பாதான். சம்பந்தி வூட்ல மூணு தலமொறையா டாக்டருங்க. சடையன்னு போட்டா நல்லாவா இருக்கும், நீயே சொல்லு. எனக்கு இனிஷியல் எஸ்ஸுதான? எழுத்துகூட மாறல பாரு."

எழுத்து மாறவில்லை என்பதில் அவருக்கு உண்மையாகவே ஒரு திருப்தி இருந்தது. பரீட்சைத் தாளில் பாதி மார்க் போட்டுவிட்ட மாதிரி தலையை ஆட்டிக்கொண்டார். ரெஜினா பத்திரிகையை மூடி மேசை டிராயருக்குள் வைத்தாள். பேசியிருந்தால் அன்றைக்கே அண்ணன் தங்கை உறவு அறுந்திருக்கும். ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டதால்தான் மற்றதெல்லாம் நடந்தது.

சடையன் யார் என்று சொல்லிவிடுகிறேன். கல்வராயன் மலையில் விளைகிற மரவள்ளிக் கிழங்கை மூட்டை மூட்டையாக முதுகில் ஏற்றி, லாரி நிற்கிற இடம்வரைக்கும் இறக்குகிற கூலி. வாரத்துக்கு ஐந்து நாள் மலை, ஞாயிற்றுக்கிழமை கோவில். பிள்ளைகளோடு சேர்ந்து அவரும் ஞானஸ்நானம் வாங்கினபோது, வேறு பேர் வைத்துக்கொள்ளச் சொல்லிச் சாமியார் கேட்டாராம். இந்தப் பேர்லதான் கூலி வாங்கறேன், ஏசுசாமியும் இந்தப் பேர்லயே கூப்புடட்டும் என்று சொல்லிவிட்டாராம். சாமியார் சிரித்துக்கொண்டே பதிவேட்டில் சடையன் என்றே எழுதினார். அந்த முதுகில்தான் ஆசீர்வாதத்தின் ஹாஸ்டல் படிப்பும் ஆசிரியர் பயிற்சியும் இறங்கி வந்தது. தங்கை எட்டாவதோடு நின்று, பிற்பாடு தானாகக் கம்ப்யூட்டர் பழகி, கணவர் இறந்த பிறகு துருகம் ரோட்டில் ஒரு ஆன்லைன் சென்டர் போட்டாள்.

ஆசீர்வாதம் கள்ளக்குறிச்சியில் மாடி வீடு கட்டிக் குடிபோன அன்று அப்பாவை ரெஜினாதான் ஆட்டோவில் அழைத்துப் போனாள். வெள்ளை வேட்டி, புதுச் சட்டை, கழுத்தில் ஜெபமாலை. ஹாலில் கல்வித்துறை ஆட்கள் நிறையப் பேர். அவர்களில் ஒருவர் கிழவரைப் பார்த்துவிட்டு, இவர் யார் சார் என்று கேட்டார். ஆசீர்வாதம் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "பெரியவரு. நம்ப ஊர்க்காரரு" என்றார். பொய் என்று அதில் எதையும் பிடிக்க முடியாது. மரியாதைக் குறைவும் இல்லை. அப்பா கும்பிட்டார், அவர்களும் கும்பிட்டார்கள், பந்தியில் மூன்றாவது வரிசையில் இடம் கொடுத்தார்கள்.

திரும்பி வருகிற வழியில் ஆட்டோவில் அப்பா கேட்டது ஒரே ஒரு கேள்வி. "நான் எப்பம்மா பெரியவரு ஆனேன்?"

அதற்குப் பிறகு இரண்டு வருடம் படுக்கையில் கிடந்தார். மலமும் மூத்திரமும் ரெஜினா எடுத்தாள். அண்ணன் மாதம் ஒரு தடவை வந்து ஆப்பிள் வைத்துவிட்டுப் போவார். அப்பா அவரிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அதைத்தான் ரெஜினாவால் தாங்க முடியவில்லை. அந்தக் கோபம் எங்கேயும் போகாமல் அப்படியே அவளிடம் வந்து சேர்ந்தது. பழி வாங்க வேண்டும் என்று நினைத்தாள். தனக்குத்தானே வேறு பேர் சொல்லி அதை மூடிக்கொள்ளவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் சாமியார் விட்டுவிடச் சொல்வார். விடுகிற உத்தேசம் அவளுக்கு இல்லை.

அப்படிப்பட்டவள் கையில்தான் ஆசீர்வாதம் இருபத்து மூன்று பேரின் ஆதார் கார்டையும் கொண்டுவந்து கொடுத்தார். பாஸ்போர்ட், விசா, டிக்கெட் எல்லாம் நீதான் பார்க்க வேண்டும், ஜனங்களுக்கு எதை எடுத்துப்போகலாம், எதை எடுத்துப்போகக்கூடாது, அங்கே போய் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நீயே சொல்லிக் கொடுத்துவிடு, நமக்கு எங்கேயும் அசிங்கம் வரக்கூடாது என்றார். அசிங்கம் என்ற வார்த்தையை அவர் அழுத்திச் சொன்னார். சரிண்ணா என்றாள்.

பாஸ்போர்ட் பாரத்தில் நம் ஆட்கள் எல்லாரும் தடுக்கி விழுகிற ஒரு கட்டம் இருக்கிறது. சர்நேம் என்று கேட்கும். நமக்கு ஏது சர்நேம்? முன்னால் ஒரு எழுத்து, பின்னால் ஒரு பேர், அவ்வளவுதான். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் பாஸ்போர்ட் வந்துவிடும். ஆனால் ஒற்றைப் பேர் பாஸ்போர்ட்டோடு துபாய்க்கு விசா கேட்டால் இழுபறிதான். அதனால் ரெஜினா எல்லாருக்கும் ஒரே யோசனை சொன்னாள். இனிஷியலை விரித்து எழுதுங்கள். அப்பா பேரை, புருஷன் பேரை முழுசாக அந்தக் கட்டத்தில் போடுங்கள். அண்ணி தெரசா, தெரசா ஆசீர்வாதம் ஆனாள். ரெஜினா தன் பாரத்தில் கணவர் பேரை விட்டுவிட்டு, ரெஜினா சடையன் என்று போட்டாள்.

ஆசீர்வாதத்தின் பாரம் கடைசியாக வந்தது. ஸ்கிரீனில் அந்தக் கட்டத்துக்கு வந்ததும் அவர் முன்னால் குனிந்தார்.

"அத காலியா வுட்டுடு" என்றார்.

ரெஜினா மவுஸை நிறுத்தினாள். இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அவள் வாயைத் திறந்து ஒன்றுமே சொல்ல வேண்டியதில்லை. காலியாக விட்டு ஒரு கிளிக் செய்தால் போதும். பாஸ்போர்ட் வரும், விசா வராது. இருபத்து இரண்டு பேரும் விமானம் ஏறுவார்கள், பெண்ணைப் பெற்றவர் மட்டும் மாடி வீட்டில் உட்கார்ந்து கல்யாணத்தை செல்போனில் பார்ப்பார். மகள் கையைப் பிடித்துப் பீடத்துக்கு அழைத்துப்போக வேறு யாராவது இருப்பார்கள். கேட்டால், நீங்கதானே காலியா வுடச் சொன்னீங்க என்று சொல்லிவிடலாம். அவள் விரல் மவுஸ் மேல் இருந்தது. அப்படி ஒரு இனிப்பு அந்த யோசனையில் இருந்தது என்பதையும் மறைக்க வேண்டாம்.

ஆனால் விரல் அழுத்தவில்லை. லிடியாவின் முகம் ஒரு காரணம். குழந்தை, அவள் என்ன செய்தாள்? இன்னொரு காரணம் அதைவிடப் பெரியது. அண்ணன் இங்கேயே நின்றுபோனால் அப்பா பேரும் இங்கேயே நின்றுபோகும். தங்க எழுத்துச் சாமுவேல் ஜம்மென்று கடல் தாண்டிப் போவான். அது அவளுக்கு ஒத்துவரவில்லை.

காலியாக விட்டால் விசா கிடைப்பது கஷ்டம் என்று சொன்னாள். அப்படியானால் சாமுவேல் என்று போட்டுவிடு என்றார் ஆசீர்வாதம். சாமுவேல் என்று இருக்கிற ஒரு சர்ட்டிபிகேட் கொண்டுவாருங்கள், போடுகிறேன் என்றாள். அவரிடம் இருந்தது பழுப்பேறின எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம். அதில் தகப்பனார் பெயர் என்ற இடத்தில், மையெழுத்தில் சடையன். மாற்றுச் சான்றிதழில் சடையன். அவருடைய சர்வீஸ் புத்தகத்திலேயே சடையன். முப்பது வருடம் சம்பளம் வாங்கினது சடையன் மகனாகத்தான். வெளியில் மட்டும் அதை ஒரு எழுத்தாக மடித்து வைத்திருந்தார்.

"யாரு பாக்கப் போறாங்க?" என்று கடைசியில் கேட்டார். கேட்டது அவளிடமா தன்னிடமா என்று தெரியவில்லை.

"பாஸ்போர்ட்ட தொறந்து சொந்தக்காரங்க யாருண்ணா பாக்கப் போறாங்க?" என்றாள் ரெஜினா. அதுவும் பொய் இல்லை. பெரியவரு என்பது பொய் இல்லாத மாதிரியே இதுவும் பொய் இல்லை. ஆங்கிலத்தில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, அப்பா பேரை அந்தக் கட்டத்துக்குள் உட்காரவைத்தாள். கட்டம் அதற்கென்றே அளவெடுத்த மாதிரி இருந்தது.

விசா எல்லாருக்கும் வந்த பிறகு ரெஜினா வாட்ஸப் குரூப்பில் வாய்ஸ் போட ஆரம்பித்தாள். நம் ஜனங்களுக்கு எழுதிப்போட்டால் படிக்க மாட்டார்கள். பேசிப்போட்டால் சமையல் செய்துகொண்டே கேட்பார்கள். மொத்தம் ஒன்பது வாய்ஸ். கல்யாணத்துக்குப் போய்வந்த பிறகும் அந்த ஒன்பதையும் வைத்திருந்து, மலேசியா போகிற ஆட்களுக்கெல்லாம் பார்வர்ட் செய்தவர்கள் உண்டு.

முதல் வாய்ஸ் முழுக்கக் கசகசாதான். மாப்பிள்ளை வீட்டுக்குக் குருமா வைத்துக் கொடுக்கிறேன் என்று யாரும் கசகசாவைப் பொட்டலம் கட்டக்கூடாது, அங்கே அது போதைப்பொருள் கணக்கு, கல்யாணச் சாப்பாட்டுக்குப் பதில் ஜெயில் சாப்பாடு என்றாள். அடுத்தடுத்த வாய்ஸில் மற்றதெல்லாம் வந்தது. உள்ளூர் நாட்டு வைத்தியப் பொடி, பேர் தெரியாத மாத்திரை எதுவும் வேண்டாம். சர்க்கரை, பிரஷர் மாத்திரை என்றால் டாக்டர் சீட்டோடு, அட்டை கிழிக்காமல், கையில் வைத்துக்கொள்ளும் பையில் இருக்க வேண்டும். ஊறுகாய் பாட்டிலும் தேங்காயெண்ணெயும் பெரிய பெட்டிக்குள் போக வேண்டும். கையில் வைத்திருந்தால் குப்பைத்தொட்டிக்குத்தான் போகும். பெட்டி எல்லாம் ஒரே மாதிரி கறுப்பாக இருக்கும், பழைய புடவைக் கிழிசலை ஒன்று கைப்பிடியில் கட்டிவிடுங்கள். அங்கே பிளக் பாயிண்டு வேற மாதிரி, செல்போன் சார்ஜர் சொருகாது, மூணு கட்டைப் பின் அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமைத் தொழுகைக் கூட்டம், போலீஸ் வண்டி, முகம் தெரியாத பொம்பளைகள் எதையும் படம் பிடிக்காதீர்கள். தங்கம் எவ்வளவு போட்டுப் போகிறீர்களோ அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வரும்போது கேட்டால் காட்ட.

எட்டாவது வாய்ஸ்தான் அவள் நிதானமாக, இரண்டு தடவை தண்ணீர் குடித்துவிட்டுப் பேசினது.

"இத நல்லா கேட்டுக்குங்க. அங்க இனிஷியல் கெடயாது. உங்க கடைசிப் பேருதான் உங்களுக்குப் பேரு. ஹோட்டல்ல, வண்டில, மேசைல, எங்க போனாலும் அந்தப் பேர்லதான் கூப்புடுவாங்க. அப்பன் பேர சொல்லிக் கூப்புட்டா நம்பள இல்லன்னு நெனச்சிக்கினு சும்மா ஒக்காந்துடாதீங்க. ஏர்போர்ட்டுக்கு வெளிய அட்டைல பேரு எழுதிக்கினு நிப்பாங்க. அந்தப் பேருக்கு கையத் தூக்கினாதான் வண்டி."

வாய்ஸை யார் யார் கேட்டார்கள் என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ரெஜினா தினமும் பார்த்தாள். நைனார்பாளையம் பச்சமுத்து மூன்று தடவை கேட்டுவிட்டுச் சந்தேகம் வேறு கேட்டார். அப்பா மூட்டை ஏற்றினது அவருடைய லாரியில்தான். ஆசீர்வாதத்தின் பழைய சிநேகிதர் என்ற வகையில் அவரும் கல்யாணத்துக்கு வந்தார். அண்ணி கேட்டாள். எல்லாரும் கேட்டார்கள். அண்ணன் பேருக்கு நேராக மட்டும் ஒன்பது வாய்ஸும் திறக்காமல் கிடந்தன. எட்டாவது படித்த தங்கை, தலைமையாசிரியருக்கு என்ன சொல்லிக்கொடுக்கப் போகிறாள்?

"வாய்ஸ் கேட்டீங்களாண்ணா?" என்று போனில் ஒரு தடவை கேட்டாள். கேட்கவில்லை என்று சொல்லியிருந்தால் ஒருவேளை வாயால் சொல்லியிருப்பாள். ஒருவேளைதான்.

"எல்லாம் கேட்டேன், கேட்டேன்" என்றார். சரிண்ணா என்று வைத்துவிட்டாள். அன்று சாயங்காலம் ஹோட்டலுக்கு அனுப்ப வேண்டிய லிஸ்டை உட்கார்ந்து அடித்தாள். கடைசிப் பேர், முதல் பேர், பாஸ்போர்ட் நம்பர், பெட்டி எண்ணிக்கை, சைவமா அசைவமா. மணமகளின் தந்தை என்ற இடத்துக்கு நேராக மிஸ்டர் சடையன். பெண்ணின் பெற்றோருக்குத் தனிக் கார் அனுப்புகிறோம், அட்டையில் என்ன பேர் எழுத வேண்டும் என்று ஹோட்டலிலிருந்து பதில் வந்தது. பாஸ்போர்ட்டில் உள்ளபடி என்று ஒரே வரி போட்டாள்.

சென்னையில் காலையில் ஏறி மதியத்துக்கு முன்னால் இறங்கினார்கள். வரிசை, முத்திரை, பெட்டி எல்லாம் முடிந்து வெளியே வந்தால் கம்பித் தடுப்புக்கு அந்தப்பக்கம் முப்பது நாற்பது அட்டைகள். உறவுக்காரர்களுக்கு ஒரு பஸ் நின்றது. அதற்குக் கொஞ்சம் தள்ளி, கோட்டுப் போட்ட ஒரு டிரைவர் வெள்ளை அட்டையை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தான். பெரிய கறுப்பு எழுத்து. அதற்குக் கீழே சின்னதாக மணமகளின் தந்தை என்று ஆங்கிலத்தில் இருந்தது.

ஆசீர்வாதம் அந்த அட்டையைப் பார்த்ததை ரெஜினா பார்த்தாள். அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு டிரைவரைக் கடந்து நேராகப் போய்விட்டார். கொஞ்ச தூரம் போனதும் திரும்பி, வந்த வழியே நடந்தார். மறுபடியும் அட்டையைக் கடந்தார். எங்கே வண்டி என்று அண்ணி கேட்டதற்கு, இன்னும் வரவில்லை என்று ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். தெரசாவுக்கு அட்டை கண்ணில் பட்டது. புருஷன் முகமும் கண்ணில் பட்டது. அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பச்சமுத்துவுக்கு அந்தச் சூட்சுமம் எல்லாம் கிடையாது. "வாத்தியாரே, அதோ சடையன்னு போட்டுக்கினு நிக்கறாங்க பாருங்க. உங்கப்பா பேராச்சே" என்று பஸ் படியிலிருந்தே சொன்னார். ஆசீர்வாதம் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அதில் யாரும் பேசவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

பஸ்ஸும் கிளம்ப முடியவில்லை. லிஸ்டில் இருக்கிற தலை மொத்தமும் ஏறினதாகக் கணக்கு வந்தால்தான் எடுப்பேன் என்று அதன் டிரைவர் சொல்லிவிட்டான். ஒரு மணி நேரம் போனது. வெயில் கண்ணாடி வழியாக உள்ளே வந்தது. ரெஜினா அண்ணன் பக்கம் போகவில்லை. அட்டைக்குப் பக்கத்தில், தூணில் சாய்ந்து நின்று, அப்பாவின் பேரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவ்வளவு பெரிய எழுத்தில் அதை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை. கல்லறைச் சிலுவையில் அவளே பெயிண்டால் எழுதினது விரற்கடை உயரம்தான் இருக்கும். அண்ணன் உட்கார்ந்து வேர்க்கட்டும் என்று நினைத்தாள். இன்னும் ஒரு மணி நேரம் ஆனாலும் அவளுக்குச் சம்மதம். அன்றைக்கு ஆட்டோவில் அப்பா குனிந்தே உட்கார்ந்திருந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது.

பெண்ணின் அப்பா வெளியே வரவில்லை என்று ஹோட்டலிலிருந்து போன் போய், கடைசியில் சம்பந்தியே வந்துவிட்டார். உயரமான மனிதர், கையில் பூங்கொத்து, கூட இரண்டு தம்பிகள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆசீர்வாதத்தைப் பார்த்ததும் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பத்தடி தூரத்தில் அட்டையோடு டிரைவர் நிற்கிறான், இவர் இங்கே உட்கார்ந்திருக்கிறார். உறவுக்காரர்கள் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து சுற்றி நின்றார்கள். சம்பந்தி அட்டையைத் திரும்பிப் பார்த்தார். டிராவல்ஸ்காரர்கள் தப்பாக எழுதிவிட்டார்கள் போல என்று ஆசீர்வாதம் எழுந்துகொண்டே சொன்னார். டிரைவர் தன்னிடம் இருந்த தாளை நீட்டினான். அதில் அதே பேர் பாஸ்போர்ட் நம்பரோடு இருந்தது.

சம்பந்தி பக்கத்தில் நின்ற ரெஜினாவைப் பார்த்தார். லிஸ்டு அனுப்பினது அவள்தான் என்று அவருக்குத் தெரியும்.

"சடையன் யாரும்மா?"

ஆசீர்வாதம் தங்கையைப் பார்த்தார். முப்பது வருடத்தில் எத்தனை பிள்ளைகள் அவரை அப்படிப் பார்த்திருக்கும், வீட்டுப்பாடம் எழுதாத நோட்டை நீட்டிவிட்டு. பெரியவரு என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்துவிடலாம். அந்த வார்த்தையைத்தான் அவர் கண்ணால் கேட்டார் என்று ரெஜினாவுக்கு நன்றாகத் தெரிந்தது.

"எனக்கு அப்பாங்க" என்றாள். "அண்ணனுக்கு யாருன்னு அண்ணனத்தான் கேக்கணும்."

சம்பந்தி மெதுவாக, பத்திரிகையில் வேறு பேர் இருந்ததே, சாமுவேல் என்று போட்டிருந்ததே என்றார்.

"அது யாரோ பெரியவருங்க" என்றாள் ரெஜினா. "எங்களுக்குத் தெரியாது."

பச்சமுத்து துண்டால் வாயை மூடிக்கொண்டார். தெரசா தரையைப் பார்த்தாள். டிரைவருக்குத் தமிழ் தெரியாது. நேரம் ஆகிறது என்று மட்டும் தெரிந்தது. அட்டையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்து, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல், கடைசித் தடவையாக உரக்கக் கூப்பிட்டான்.

"மிஸ்டர் சடையன்?"

ரெஜினா அண்ணனுக்குப் பக்கத்தில் போனாள். அவர் தலைமையாசிரியர் ஆன வருடம், நாலு பேர் முன்னால் நீ வா போ என்று பேசாதே என்று சொல்லியிருந்தார். அன்றிலிருந்து நீங்க, வாங்க என்றுதான் பேசி வந்தாள். சின்ன வயதில் வடக்கனந்தல் ஏரிக்கரையில் அவரைக் கூப்பிட்ட குரலில், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"கையத் தூக்கு."

ஆசீர்வாதம் கையைத் தூக்கினார். முதலில் தோள்வரைக்கும்தான் வந்தது. டிரைவர் கவனிக்கவில்லை. இன்னும் மேலே தூக்க வேண்டியிருந்தது. முப்பது வருடம் காலையில் பதிவேட்டை விரித்துவைத்து அடுத்தவர் பேரை எல்லாம் கூப்பிட்டவர், சம்பந்தியும் சொந்தமும் பார்க்க, உள்ளேன் ஐயா என்று எழுந்து நிற்கிற பையனைப் போல, அப்பன் பேருக்குக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். அப்பாதான் என்று வாயும் சொன்னது. சத்தம் அதிகம் வரவில்லை, ஆனால் சம்பந்திக்குக் கேட்டது. டிரைவர் அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடிவந்து, வெல்கம் மிஸ்டர் சடையன், மிஸஸ் சடையன் என்று பெட்டியை வாங்கினான்.

கார் போன பிறகு ரெஜினா பஸ்ஸில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தாள். நெஞ்சு ஆறிவிட்டது என்று சொல்ல முடியாது. ஹோட்டல் அறைக்கதவில் ஒரு அட்டை இருக்கும், விருந்து மேசையில் ஒன்று இருக்கும், பீடத்துக்கு முன்னால் முதல் வரிசை நாற்காலியில் ஒன்று இருக்கும். மூன்று நாள் இருக்கிறது. கைப்பையிலிருந்து லிஸ்டை எடுத்து, இருபத்து மூன்றாவது பேருக்கு நேராக டிக் அடித்துவிட்டு, வண்டியை எடுக்கச் சொன்னாள்.